இரைச்சலோடு சேர்த்து

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பின்லாந்து ஆர்டர் திரும்பிவிட்டது. ஆயிரத்து ஐந்நூறு டீ-சர்ட், ஒன்றுகூட வேண்டாமாம். துணியில் குறையில்லை, தையலில் குறையில்லை. படத்தைத் திருத்தியதுதான் குறை. திருத்தச் சொன்னது நான்.

வாங்குபவன் பெயர் யார்க்கோ. ஏதோ பாட்டுக்காரன். நவம்பரில் புது ஆல்பம் வருகிறது, அதோடு சேர்த்து விற்பதற்குக் கருப்பு டீ-சர்ட் கேட்டான். என் மகள் சிந்துஜாதான் இன்டர்நெட்டில் தேடிப் பிடித்தாள். அமெரிக்கா வரி ஏற்றியதும் அந்தப் பக்கத்து ஆர்டர்கள் நின்றுபோய், ஒரு லைன் டெய்லர்களை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்ட நேரம். இவன் ஆர்டர் சின்னதுதான். ஆனால் இவனைப் போல் பாட்டுக் கம்பெனி வைத்திருக்கும் சிநேகிதர்கள் நிறையப் பேர், சரக்கு பிடித்தால் எல்லோரையும் திருப்பூருக்கே அனுப்பிவிடுகிறேன் என்று எழுதியிருந்தான். நின்ற லைனைத் திரும்ப ஓட்ட வேறு வழி எனக்குத் தென்படவில்லை. அதனால்தான் கூடுதல் அக்கறை எடுத்தேன். அந்த அக்கறைதான் கெடுத்தது.

அவன் அனுப்பிய படம் ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்து அதையும் ஜெராக்ஸ் எடுத்தது போல் இருந்தது. மரங்களா மழையா என்று தெரியாது. மேலே அவன் குழுவின் பெயர். முள்செடியை வேரோடு பிடுங்கிப் போட்டது போல், ஓர் எழுத்தும் படிக்க முடியாது. இதை அப்படியே அடித்தால் பிரின்ட் மங்கல் என்று டெபிட் போட்டுப் பணத்தைப் பிடித்துக்கொள்வார்கள். இத்தனை வருஷம் நான் பார்த்த வெளிநாட்டுக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான். வாங்குபவன் மோசமான படம் கொடுத்தால் காசு கேட்காமல் நாமே சரிசெய்து அடித்துக்கொடுப்பது இந்த ஊர் வழக்கம். பிரின்டிங் பட்டறை ஆறுச்சாமியிடம் சொன்னேன். அவன் ஆள் ஒருநாள் முழுக்க உட்கார்ந்து புள்ளியெல்லாம் எடுத்து, மரங்களை மரமாக்கி, நிலாவை வட்டமாக்கி, பெயரை யாரும் படிக்கும்படி செய்துகொடுத்தான். பார்க்க லட்சணமாக இருந்தது. மாதிரிக்கு ஒரு பெட்டியைக் கூரியரில் முதலில் அனுப்பினோம்.

அதற்குத்தான் இன்று பதில். சிந்துஜா படித்துச் சொன்னாள்: “இது எங்கள் சட்டை இல்லை. ஒரு பேங்க் தன் ஊழியர்களுக்குக் கொடுக்கும் சட்டை.”

மேல் டேங்க் நிரம்பி வழிந்து மாடிப்படி எல்லாம் தண்ணீர். நிரம்பினால் கத்தும் அலாரம் மறுபடி வேலை செய்யவில்லை. எலக்ட்ரீஷியன் இரண்டு தடவை மாற்றியும் அதே கதை.

ஆகஸ்ட் 20, புதன்

ஆறுச்சாமி காலையிலேயே வந்து நின்றான். கனத்த குரல் அவனுக்கு, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல். ஆனால் தெளிவாகப் பேசுவான். இப்போதெல்லாம் அப்படிப் பேசுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். பிள்ளைகள் வார்த்தையில் பாதியை முழுங்கிவிடுகிறார்கள், சிந்துஜா உட்பட.

தன் தலையில் டெபிட் விழுமா என்பதுதான் அவன் கவலை. விழாது என்றேன். சொன்னவன் நான், செய்தவன் அவன். முகம் தெளிந்து, “அண்ணா, அந்த ஆளுக்குக் கண்ணு கிண்ணு செரியில்லீங்ளா?” என்றான்.

யார்க்கோ வீடியோ காலில் பேச வேண்டும் என்கிறானாம். நெட்வொர்க் சரியில்லை, மெயிலிலேயே முடி என்று சிந்துஜாவிடம் சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 23, சனி

வாங்குகிறவன் என்ன விற்கிறான் என்று தெரியாமல் நான் எப்போதும் விலை பேசியதில்லை. மீன் வலைக்காரனுக்கு நூல் விற்ற காலத்தில் கடலூர் போய்ப் படகில் உட்கார்ந்துவிட்டு வந்தவன் நான். இந்தத் தடவை அதைச் செய்யவில்லை. அதைத்தான் சிந்துஜாவிடம் சொன்னேன்.

அவள் விவரம் சொன்னாள். குழு என்று பெயரே தவிர ஆள் அவன் ஒருவன்தான். கிட்டார், டிரம், குரல் எல்லாம் அவனே. காட்டோரம் ஒரு கொட்டகையில், குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து, பழைய டேப்பில் பதிவு செய்ததாம். இந்த வகைக்கு பிளாக் மெட்டல் என்று பெயர். ஆல்பத்தின் பெயருக்கு அர்த்தம், ஆள் நடந்தாலும் உடையாத பனியின் மேல்தோல். அதற்கு அவர்களிடம் ஒரே வார்த்தை இருக்கிறதாம். ஆல்பம் இன்னும் வெளியாகவில்லை. எங்களுக்காக ஒரு லிங்க் அனுப்பியிருந்தான். என் போனில் ஏற்றிக்கொடுத்தாள்.

சாயங்காலம் என் மனைவி ருக்குமணியோடு அவிநாசி போகும் வழியில் காரில் போட்டேன். ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் அவள் என் தோளைத் தட்டினாள்.

“வண்டிய ஓரங்கட்டுங்க. இஞ்சின்ல என்னமோ அறுந்துபோச்சு.”

பாட்டுதான் என்றேன். பிறகு பாடுகிறவன் குரல் வந்தது. நோம்பியில் பம்பை அடிக்கும்போது சாமி வந்தவன் தொண்டை கிழியக் கத்துவானே, அப்படி. டிரம் நாலைந்து ஓவர்லாக் மிஷினை ஒன்றாக மிதித்தது போல் ஓடியது. கேட்டுவிட்டு ருக்குமணி, கட்டிக்கொடுத்த காலத்தில் நீங்கள் இப்படிக் கத்தியிருந்தால் அப்போதே திரும்பிப் போயிருப்பேன் என்றாள்.

நிறுத்திவிட்டேன். இதற்கு ஆள் காசு கொடுக்கிறான் என்றால் அந்த ஊரில் வெயில் ரொம்பக் குறைவாக இருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 25, திங்கள்

கம்பெனிக்கு வரும் வழியில் மறுபடி போட்டேன். தனியாக. இரண்டாவது பாட்டில் ஒரு விஷயம் பிடிபட்டது. அடியில் ஒரு மெட்டு போகிறது. கிட்டார் ஒரே சுரத்தைப் படபடவென்று விடாமல் அடித்துக்கொண்டே மெதுவாக மேலே ஏறி, ஓர் இடத்தில் நின்று, இறங்க மனமில்லாதது போல் இறங்குகிறது. ஓட்டமெல்லாம் கைக்குத்தான், மெட்டுக்கு இல்லை. மெட்டு நடந்துதான் வருகிறது. அந்தத் தொண்டை கிழிகிறவன் அதன்மேல் கத்திக்கொண்டு போவது, துக்க வீட்டில் ஒருவர் அழ இன்னொருவர் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பது போல் இருந்தது.

கம்பெனி வாசலில் வண்டியை நிறுத்தியும் பாட்டு முடியும்வரை இறங்கவில்லை. வாட்ச்மேன் வந்து எட்டிப் பார்த்தான்.

சிந்துஜாவிடம் சொன்னேன். தனக்கு ஒரு மெட்டும் கேட்கவில்லை என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. நிட்டிங் மிஷின் ஓடும் ஹாலில் கண்ணை மூடிக்கொண்டு நின்று, எந்த மிஷினில் ஊசி முறிந்திருக்கிறது என்று சொல்கிற காது இது. இருபது வயதில் ஹெல்பராக நுழைந்தவனை முதலாளியாக்கியது அந்தக் காதுதான். இப்போது அந்த வேலைக்கு வேறு ஆள் வைத்திருக்கிறேன். நான் எத்தனை வேலைதான் பார்ப்பது.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி. லீவு. ருக்குமணி கார் டேஷ்போர்டிலும் ஸ்பீக்கர்களிலும் விபூதி பூசியிருக்கிறாள். யாருக்காக என்று நான் கேட்கவில்லை.

கொய்யா மரத்தில் இந்த வருஷம் மைனாவே வருவதில்லை. செல்போன் டவரால் என்று பேப்பரில் போட்டிருந்தான்.

ஆகஸ்ட் 30, சனி

ஆயிரத்து ஐந்நூறையும் தூக்கிப் போட மனமில்லை. ஆறுச்சாமி ஒரு யோசனை சொன்னான்: கல் போட்டுத் துவைத்தால் பிரின்ட் வெடித்துத் தேய்ந்துபோகும், அவன் கேட்ட அலங்கோலம் தானாக வந்துவிடும். பத்துச் சட்டைகளை வாஷிங்கில் போட்டு எடுத்தோம். நிலாவில் விரிசல், மரத்தில் பொத்தல். எனக்கே நம்பும்படி இருந்தது. போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன்.

சிந்துஜா அதைக் கேட்டதும் முகம் சுளித்தாள். ஏதோ சொன்னாள், சரியாகக் கேட்கவில்லை. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. தலையாட்டிவைத்தேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

பதில் வந்துவிட்டது. “இது பழசாக இருக்கிறது. நான் கேட்டது பச்சையாக, பக்குவம் பண்ணாமல்.”

இன்னும் சில வரிகள். கோபமில்லை, அதுதான் பயமாக இருந்தது. வரும் வெள்ளிக்கு அடுத்த வெள்ளி, பன்னிரண்டாம் தேதி, வீடியோவில் முகம் பார்த்துப் பேச வேண்டுமாம். படத்தில் எது முக்கியம் என்று எங்களுக்குப் புரிந்திருக்கிறதா என்று அதில் தெரிந்துகொள்வானாம். இல்லையென்றால் போலந்தில் ஒருவர் அடித்துக்கொடுக்கத் தயாராக இருக்கிறார். சிநேகிதர்களிடமும் அப்படியே சொல்லிவிடுவான்.

நீயே பேசிவிடு அம்மிணி என்றேன். முதலாளியோடுதான் பேசுவேன் என்று எழுதியிருக்கிறானாம்.

வீட்டில் இருக்கச் சொன்ன டெய்லர்களில் இரண்டு பேர் ஈரோட்டுப் பக்கம் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.

செப்டம்பர் 4, வியாழன்

இன்று ஆபீஸில் நடந்ததை எழுதிவைக்கிறேன்.

சிந்துஜா, ஆறுச்சாமி, நான். பன்னிரண்டாம் தேதி என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டிருந்தோம். அந்த ஆளின் பாட்டு எனக்குப் புரிகிறது, அதைச் சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும் என்றேன். சந்தேகமாகப் பார்த்தார்கள். அதனால் இரண்டாவது பாட்டின் மெட்டை முனகிக் காட்டினேன். ஏறுவது, நிற்பது, இறங்குவது எல்லாம். சிந்துஜா கம்ப்யூட்டரில் அந்தப் பாட்டை வைத்து, கீழ்ச் சுரங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் குறைத்துக் கேட்டாள். திரும்பத் திரும்பக் கேட்டாள். நான் முனகியது அச்சாக இருந்தது.

“இது எப்படிங்ப்பா கேட்டுது உங்களுக்கு? மேல இருக்கற சீறல்ல எனக்கு ஒண்ணுமே கேக்கலயே.”

“எந்தச் சீறல்?”

அவள் ஆறுச்சாமியைப் பார்த்தாள். பிறகு போனில் எதையோ தேடி எடுத்து மேஜைமேல் வைத்தாள். மெல்லிய சத்தம் ஒன்று கீழிருந்து மேலே போகும், கேட்கும்வரை கையைத் தூக்கி வைத்திருங்கள் என்றாள். தூக்கினேன். கொஞ்சம் போனது, நின்றது. கையை இறக்கினேன். அடுத்ததைப் போடுவாள் என்று காத்திருந்தேன். அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறுச்சாமி முகம் கோணி, இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டான்.

“எப்ப அம்மிணி போடுவ?” என்றேன்.

“போட்டுட்டுத்தானுங்ப்பா இருக்குது.”

ஆறுச்சாமி விரலை எடுத்துவிட்டு, பட்டறையில் வேலை கிடக்கிறது என்று எழுந்து போனான்.

செப்டம்பர் 5, வெள்ளி

அந்த ஆப் சரியில்லை. ருக்குமணியின் போனில் ஏற்றிப் பார்த்தோம். அதிலும் சரியில்லை.

செப்டம்பர் 8, திங்கள்

கோயமுத்தூரில் காது டாக்டர். கண்ணாடி வைத்த ஒரு பெட்டிக்குள் உட்காரவைத்து, சத்தம் வந்தால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். வெளியே ஒரு சின்னப் பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போது அமுக்க வேண்டும் என்று அவள் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முயன்றேன். கெட்டிக்காரி, நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

தாளில் வந்த கோடு கொஞ்ச தூரம் சமமாகப் போய், மலையிலிருந்து உருண்டதுபோல் விழுந்திருந்தது. கீழ்ச் சத்தமெல்லாம் நன்றாகக் கேட்கிறதாம். மேல் சத்தம் போய்விட்டது. பெண்கள் பேச்சின் ஓரங்கள், குக்கர், பறவை, அலாரம் எல்லாம் அந்த மேல்பகுதியில்தான். மிஷின் பக்கத்தில் வேலை பார்த்தீர்களா என்று கேட்டார். ஊரே அங்கேதானே வேலை பார்த்தது என்றேன்.

இரண்டு காதுக்கும் மிஷின், ஒரு வாரம் போட்டுப் பார்த்துவிட்டு வாங்கச் சொன்னார். டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டேன். திரும்பும் வழியில் சிந்துஜாதான் வண்டி ஓட்டினாள். நான் சொன்னது ஒன்றுதான்: காதில் மிஷின் தொங்குகிறவன் சரியாகக் கேட்காமலேயே தலையாட்டுவான் என்று எவனும் கணக்குப் போடுவான், விலையை அங்கேயே இறக்கிவிடுவான். ஒரே ஒரு தடவை ரோட்டிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள்.

“இப்ப மட்டும் ஆட்டறது இல்லீங்ளா? அந்தக் கல்லு வாஷ் போட்டோவ அனுப்ப வேண்டாம்னு சொன்னேன். தலைய ஆட்டுனீங்க. செரின்னு நெனச்சு எடுத்து வெச்சுட்டேன். சாயங்காலம் ஏன் அனுப்பலைன்னு திட்டுனீங்க.”

பல்லடம் ரோடு வரும்வரை பையில் இருந்த டப்பாவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

மாட்டினேன். காகிதத்தைத் திருப்பினால் பட்டாசு. தோசை திருப்பும் சத்தம் தகரத்தைக் கீறுவது போல். என் செருப்பு இப்படிக் கிறீச்சிடுகிறது என்று இத்தனை நாள் ஒருவரும் சொல்லவில்லை. ருக்குமணி பேச ஆரம்பித்தாள். மெதுவாகப் பேசு என்றேன். கையில் இருந்த கரண்டியோடு அப்படியே நின்றாள். நான் அதை அவளிடம் சொன்னது இதுதான் முதல் தடவையாம். இத்தனை வருஷம் கத்திக் கத்திப் பேசியதில் தன் தொண்டைதான் பின்லாந்துக்காரன் தொண்டை மாதிரி ஆகிவிட்டது என்றாள்.

மைனா எங்கேயும் போகவில்லை. கொய்யா மரத்தில்தான் இருக்கிறது. டேங்க் அலாரமும் கத்துகிறது. எலக்ட்ரீஷியனுக்குப் போன் செய்து, சும்மாதான் கூப்பிட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பிறகு காரில் உட்கார்ந்து அந்த இரண்டாவது பாட்டைப் போட்டேன். மூன்றாவது நிமிஷத்தில் நிறுத்தினேன். எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் ஊற்றியது போல் ஒரே சீறல். என் மெட்டு அதில் எங்கே போனது என்றே தெரியவில்லை. மிஷினைக் கழற்றினேன், மெட்டு திரும்ப வந்தது. மாட்டினேன், போய்விட்டது. இதைத்தான் மற்றவர்கள் கேட்கிறார்கள் என்றால், நான் கேட்டது எந்தப் பாட்டு? அவன் பாடியதா, என் கெட்டுப்போன காது பாடியதா?

கோபமாக வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 10, புதன்

மாட்டவில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

நாளை பேச வேண்டும். காலையில் மிஷினை மாட்டிக்கொண்டு, அணைக்கட்டு வரை காரில் போய்விட்டுத் திரும்புவது, ஆல்பம் முடியும்வரை நிறுத்துவதில்லை என்று கிளம்பினேன். சரக்கைப் பிரித்துப் பார்க்காமல் தள்ளுவது என் வழக்கமில்லை.

முதல் பாட்டு முழுக்கத் தாடையை இறுக்கிக்கொண்டு ஓட்டினேன். இரண்டாவதில் என் மெட்டு வரும் இடம் தெரியுமே, அங்கே காத்திருந்தேன். வந்தது. முன்பு போல் தெளிவாக நடுவில் நின்று இல்லை; சீறலுக்கு உள்ளேயிருந்து, எதிர்க்காற்றில் நடந்து வருகிற ஆள் போல், ஓர் அடி தெரிந்து, மறைந்து, மறுபடி தெரிந்து. நான் போய்ப் பிடிக்க வேண்டியிருந்தது. பிடித்தபின் விடவில்லை. மேலே ஏறி அது நிற்கிற இடத்தில் சீறலும் ஏறிக்கொண்டது. அந்த மெட்டுக்கு அவ்வளவு வருத்தம் எதனால் என்று இதுவரை எனக்குத் தெரியாமல்தான் இருந்தது. அது போகிற இடம் அப்படி. அந்தக் குளிரை எடுத்துவிட்டு மெட்டை மட்டும் கேட்டால், வீட்டுக்குள் உட்கார்ந்து கேட்கிற பாட்டாகிவிடும். நன்றாகத்தான் இருக்கும். அது வேறு பாட்டு.

கடைசிப் பாட்டில் டிரம்மும் குரலும் ஓய்ந்து, கிட்டார் ஒன்று மட்டும். அதன் பின்னால் லேசாக ஓர் உஸ்ஸ். டேப்பின் சத்தமாக இருக்கலாம், கொட்டகைக்கு வெளியே காற்றாக இருக்கலாம். முன்பு கேட்டபோது அந்த இடத்தில் எனக்கு வெறும் கிட்டார். இன்று அந்த உஸ்ஸ் இருந்ததால்தான் வாசித்தவன் ஒருவன் தனியாக, ஓர் அறையில், ஒரு ராத்திரி உட்கார்ந்திருந்தான் என்று தெரிந்தது. இருபது வயதில் நிட்டிங் ஹாலில் நான் கேட்டதும் இப்படித்தான். இரைச்சலை ஒதுக்கிவிட்டு ஊசியைத் தேடவில்லை. இரைச்சல் எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்ததால்தான் ஊசி முறிந்தது தெரிந்தது.

படத்தை ஆறுச்சாமி பட்டறையில் துடைத்தேன். பாட்டை என் காது துடைத்துவிட்டது. இரண்டையும் துடைத்து வைத்துக்கொண்டு, இந்த ஆளை எனக்குப் புரிந்துவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்படியே பட்டறைக்கு வண்டியைத் திருப்பினேன். யார்க்கோ முதலில் அனுப்பிய படம், ஒரு புள்ளியும் தொடாமல், அப்படியே பிலிம் போட்டு அடி என்றேன். பொடிப் புள்ளிகள் ஸ்கிரீன் வலையின் கண்ணை அடைத்துக்கொள்ளும், ஒவ்வொரு சட்டையும் ஒவ்வொரு மாதிரி வரும் என்றான். வரட்டும் என்றேன். மேலே வெள்ளை மை ஏற்றவும் வேண்டாம். சாயத்தை எடுக்கும் முறையில் அடி, துணியின் கருப்பே போய் அடியிலிருந்து வெளிச்சம் வரட்டும் என்றேன். அடித்துக் காயவைத்து எடுத்தான். மூன்று சட்டை. மூன்றிலும் மரங்கள், மூன்றும் வேறு வேறு குளிர். பெயர் முள்ளாகவே இருந்தது. எனக்கு அது பெயராகவே தெரிந்தது.

ஆறுச்சாமி நீளமாகப் பார்த்தான். “யார் அடிச்சதுன்னு கேட்டா எம்பேரச் சொல்லிறாதீங்ணா.”

செப்டம்பர் 12, வெள்ளி

பேசியாயிற்று.

காதில் மிஷினோடுதான் உட்கார்ந்தேன். சிந்துஜா பக்கத்தில். திரையில் வந்தவர் என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவர்; கம்பளித் தொப்பி, மெலிந்த முகம், பின்னால் ஜன்னலில் மஞ்சள் இலை. பாட்டில் கத்துகிற ஆள் இவர்தானா என்று இருந்தது. ஒவ்வொரு வார்த்தையையும் யோசித்துத்தான் விடுகிறார். அவர் சொன்னதில் ஒன்றும் எனக்குத் தப்பவில்லை. இங்கிலீஷில் எட்டாததைச் சிந்துஜா சொன்னாள்.

மன்னிப்பெல்லாம் வளர்க்கவில்லை. படத்தைத் திருத்தச் சொன்னது நான், தப்பு என்று இப்போது தெரிகிறது என்று சொல்லி மூன்று சட்டைகளையும் தூக்கிக் காட்டினேன். அருகில் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. வியாபாரத்தில் அது நல்ல அறிகுறியாகவும் இருக்கும், கெட்டதாகவும் இருக்கும். எப்படித் தெரிந்தது என்று கேட்டார்.

முதலில் மெட்டு மட்டும்தான் கேட்டது என்றேன். எது என்றார். முனகினேன். ஆபீஸ் கண்ணாடிக்கு வெளியே செக்கிங் பெண்கள் நின்று பார்த்தார்கள். முனகி முடித்தபின் அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

காதைக் காட்டி உள்ளதைச் சொன்னேன். மேல் சத்தம் எனக்குக் கேட்காது. அதனால்தான் மெட்டு கேட்டது. இந்த மிஷின் இல்லாமல் பேசியிருந்தால் நீங்கள் பேசியதில் பாதி எனக்குப் போய்ச் சேர்ந்திருக்காது என்றேன். விலை பேசப்போகும் இடத்தில் இப்படிச் சொல்லக் கூடாது என்று முப்பது வருஷமாக எனக்குத் தெரியும். சொன்னேன். சிந்துஜா அதை மொழிபெயர்க்கக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாள். அவர் திருப்பிச் சொன்னதைத் திரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

“கிட்டார்ல கை வெக்கறதுக்கு முன்னாடி, ரோட்டுல நடக்கறப்ப அவரு மனசுல ஓடுன மெட்டு அதுதானாம்ப்பா. அத அப்படியே தனியாக் கேட்ட ஆளு, அவரத் தவிர நீங்க ஒருத்தர்தானாம்.”

“ஆனா அப்படியே வெளிய விடலியே அவுரு. ஏன்னு கேளு.”

கேட்டாள். அவர் சிரித்தார். தனியாக விட்டால் அது எல்லோருக்கும் பிடித்திருக்கும் என்றாராம், அதுதான் பயம்.

அதன்பிறகு விலைக்கு வந்தோம். இந்தப் படத்தை அடிக்கும்போது ஸ்கிரீனை அடிக்கடி நிறுத்திக் கழுவ வேண்டும், அதனால் சட்டைக்கு ஐந்து சென்ட் கூட வேண்டும் என்றேன். திருத்தியதற்குக் காசு கேட்காமல் திருத்தாததற்குக் கேட்கிறீர்களே என்றார். ஆமாம் என்றேன். அடித்துக் காட்டிய மூன்றையும் கூரியரில் அனுப்புங்கள், கையில் தொட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்றார்.

சிந்துஜா திரையை அணைத்துவிட்டு, அந்த ஐந்து சென்ட்டைத் தான் எட்டு என்று கேட்டிருப்பேன் என்றாள்.

செப்டம்பர் 17, புதன்

யார்க்கோவின் மெயில் வந்தது. மூன்றில் நடுச் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கும் போட்டோவும் கூட. வீட்டில் இருக்கச் சொன்ன டெய்லர்களுக்குத் திங்களிலிருந்து வரச் சொல்லி ஆள் அனுப்பியாயிற்று. ஈரோடு போன இருவரில் ஒருத்தி திரும்புகிறாள்.

முடிந்தது இப்படி. ஆயிரத்து ஐந்நூறையும் புதிதாக அடித்து அக்டோபர் பத்துக்குள் விமானத்தில் ஏற்ற வேண்டும். துணியும் தையலும் என் செலவு. பிரின்ட் கூலியில் பாதி என் செலவு, பாதியை ஆறுச்சாமி தானாகவே ஏற்றுக்கொண்டான். விமானக் கூலியில் எனக்குப் பாதி, யார்க்கோவுக்குப் பாதி. திருத்திய சட்டைகளில் ஒன்றுகூட, மிச்சச் சரக்கு விற்கும் காதர்பேட்டைக்குப் போகக் கூடாது. வெட்டி, மிஷின் துடைக்கும் துணியாகத்தான் போக வேண்டும். விலை சட்டைக்கு நாலு யூரோ நாற்பது சென்ட், திருத்தாமல் இருப்பதற்கு ஐந்து சென்ட் மேலே. இதே விலை டிசம்பர் வரை அவர் சிநேகிதர்களுக்கும்.

சிந்துஜாவோடு தனியாகப் பேசி முடித்தது: வெளிநாட்டு விலையை இனிமேல் அவள் பேசுவாள், நான் பக்கத்தில் உட்காருவேன், கேட்காத இடத்தில் தலையாட்ட மாட்டேன், திருப்பிச் சொல்லச் சொல்வேன், ஆபீஸ் திறந்ததிலிருந்து மூடும்வரை காதில் மிஷின் இருக்கும். காரில் மாட்டுவதும் கழற்றுவதும் என் இஷ்டம் என்று கேட்டேன். வண்டி ஓட்டாதபோது மட்டும் என்றாள். சரி என்றேன்.